இடது, யாருக்கு இடது

ருஸ்தாவியில் மழை.
பழைய கார்ச் சந்தையின் ஓரம், ஒரு கப்பல் பெட்டிக்குள்
பதினொரு பேர், ஒரு மின் அடுப்பு, என் மடிக்கணினி.
முப்பத்தெட்டு உதிரிபாகக் கடைக்கும் சேர்த்து
இணையத்தில் ஒரே சந்தை வேண்டுமாம்.
மென்பொருளைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு எனக்கு.
கணக்கு எழுதுகிறவள் நான்.
கழிக்கத் தெரிந்தவளுக்குத் தேர்ந்தெடுக்கவும் தெரியும் என்று
எப்படியோ நம்பிவிட்டார்கள்.

முதலில் பார்த்தது மாத வாடகைக்கு வருவது.
பளிச்சென்று இருந்தது.
மாதிரிக் கடையில் மெழுகுவத்தி விற்றார்கள், சணல் பை விற்றார்கள்,
ஒரு பெண் சிரித்தபடி எதற்கோ நாடா கட்டிக்கொண்டிருந்தாள்.
"கியர்பாக்ஸ் எங்கே போகும்?" என்றார் நுக்சார்.
பரிசுப் பொருட்களில் போட்டுப் பார்த்தேன்.
எடைக் கட்டம் முப்பது கிலோவுக்கு மேல் வாய் திறக்கவில்லை.
விற்கும் ஒவ்வொன்றிலும் நூற்றுக்கு மூன்று அதற்கு.
"மூன்றுதானே" என்றார்கள்.
முப்பத்தெட்டு கடைக்கு ஓர் ஆண்டுக்கு எழுதிக் காட்டினேன்.
தேநீர் பொங்கி வழிந்ததை யாரும் பார்க்கவில்லை.

அடுத்தது இலவசம்.
தானமாய் வந்த மாட்டின் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாதாம்.
நான் பார்த்தேன்.
யார் வேண்டுமானாலும் திறக்கலாம் என்று எழுதியிருந்தது;
நள்ளிரவில் தளம் விழுந்தால்
யார் தூக்கி நிறுத்துவது என்று எழுதவில்லை.
ஸுரிகோவின் மருமகன் குத்தாயிஸியில் படிக்கிறான்,
அவன் பார்த்துக்கொள்வான் என்றார்கள்.
டிசம்பரில் அவன் போலந்துக்குப் போகிறான் என்றார் ஸுரிகோ,
தரையைப் பார்த்துக்கொண்டு.

பிறகு இரவுகள்.
ஒன்றில் எங்கள் எழுத்தெல்லாம் வெற்றுச் சதுரங்களாய் விழுந்தது.
ஒன்று நாட்டின் பெயரைக் கேட்டது.
ஜார்ஜியா என்றேன்.
அட்லாண்டாவின் அஞ்சல் எண்ணை எடுத்து நீட்டியது.

மூன்றாம் வாரம் மக்வாலா வந்தாள்.
விளக்கு மட்டும் விற்பவள்,
கடை முழுக்கக் கூரை வரை கண்கள்.
"எல்லாம் சரி, இடது வலதை எங்கே எழுதுவது?"
ஓட்டுகிறவருக்கு இடது என்றார் ஒருவர்.
முன்னால் நின்று பார்ப்பவருக்கு என்றார் இன்னொருவர்.
ஜப்பானிலிருந்து வந்த வண்டியில்
ஓட்டுகிறவரே வலப்பக்கம்தானே என்று மூன்றாமவர் ஆரம்பிக்க,
நாற்காலி ஒன்று சாய்ந்தது.
இத்தனை வருடம் எப்படித்தான் விற்றீர்கள் என்றேன்.
மக்வாலா கையை நீட்டிக் காட்டினாள்:
"இது."
விரல் இருக்கும் சந்தையில்
சொல்லுக்கு வேலையே இருந்ததில்லை.

அன்றிரவு, அழகில்லை என்று ஏற்கனவே தள்ளிவைத்த ஒன்றை
மறுபடி திறந்தேன்.
சாம்பல் நிறம். தாலுகா அலுவலகப் படிவம் போன்ற முகம்.
ஆனால் கீழே ஒரு பொத்தான்: புதிய கட்டம் சேர்.
அழுத்தினேன். எழுதினேன்:
வண்டிக்குள் உட்கார்ந்து, முன்னால் பார்த்தால், இடது.
ஏன் என்று கேட்கவில்லை அது. வைத்துக்கொண்டது.

காரணம் கேட்டார்கள் மறுநாள்.
விலையைச் சொல்லியிருக்கலாம், பணம் பிரித்துத் தருவதைச் சொல்லியிருக்கலாம்.
"இடத்துக்கும் வலத்துக்கும் இடம் கொடுக்கிறது" என்றேன்.
"பார்க்கச் சகிக்கவில்லையே" என்றார் நுக்சார்.
"நம் சந்தை மட்டும்?" என்றாள் மக்வாலா.
ஏழு கைகள் உயர்ந்தன. எட்டாவது கை
சிகரெட் பற்றவைக்க உயர்ந்தது; அதையும் எண்ணிக்கொண்டேன்.

முதல் ஆர்டர் பத்தூமியிலிருந்து.
ஒரு ஹெட்லைட், இடது.
செய்தித்தாளில் சுற்றி, பெட்டியில் வைத்து,
ஒட்டப்போன மக்வாலா நின்றாள்.
விளக்கை வெளியே எடுத்தாள்.
முற்றத்தில் சக்கரமும் கூரையும் இல்லாமல் கிடந்த வண்டிக்குள்
ஏறி உட்கார்ந்தாள்.
முன்னால் பார்த்தாள்.
இடக்கையில் விளக்கை உயர்த்திப் பிடித்து
மழையில், கொஞ்ச நேரம்,
எங்கோ போய்க்கொண்டிருப்பவளைப் போல.